மார்கழியில் மாவின் நுனியை ஒடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், பொங்கலுக்கு ஊர்ப்பக்கம் பண்ணை வீடு எடுத்துத் தங்குகிறவர்களைப் பற்றி இரண்டு பக்கம் படத்தோடு போட்டிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது, எழுத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் முதல் பக்கப் படத்தில் வாசல் நிலையில் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தைப் பார்த்ததும் எனக்குக் காபி இறங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். இலை இலையாகக் கோத்த தோரணம் இல்லை அது. கிளை நுனியைக் கொத்தோடு ஒடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள், நடுவில் இருக்கிற இரண்டு கொத்தில் பூ மொட்டு பருத்து நிற்பது அச்சிலேயே தெரிகிறது. உங்கள் படக்காரர் நல்ல கேமரா வைத்திருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நாலு ஊரில் நாற்பது பேர் அதே மாதிரி ஒடிப்பார்களே என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் பள்ளிகொண்டாவுக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் ஒரு தோப்பில் 31 வருஷமாக மேற்பார்வை பார்க்கிறேன். முதலாளி குடும்பம் சென்னையில். மொத்தம் 14 ஏக்கர். மா 9, தென்னை 3, மிச்சத்தில் பழைய ஓட்டு பங்களா, மாட்டுக் கொட்டகை, பூந்தோட்டம், கிணறு, அப்புறம் முதலாளியின் மகன் ஆசைப்பட்டுப் போட்ட லான். மாவில் பெரும்பகுதி பெங்களூரா, கொஞ்சம் பங்கனபள்ளி, செந்தூரா, வடக்கு வரப்போரம் நீலம். வேலியோரம் யாரும் வைக்காமல் தானே முளைத்த நாட்டு மா நாலு. என் நைனா இங்கே வேலை பார்த்த காலத்தில் இது வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் இரண்டாக்கினார்கள், 2019-ல் வேலூரை மறுபடி மூன்றாக்கினார்கள், கவரில் எழுதுகிற முகவரி மாறியதோடு சரி, மரங்கள் அதே இடத்தில் அதே மாதத்தில்தான் பூக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், வருஷம் முழுக்க நாங்கள் தோப்பில் இருக்கிறோம், முதலாளி குடும்பம் வருவது போகியில் தொடங்கி நாலு நாள். அந்த நாலு நாளும் தோப்பு பச்சைப்பசேல் என்று இருக்க வேண்டும், காய்ந்த இலை ஒன்றுகூடக் கண்ணில் படக் கூடாது, மரமெல்லாம் வெள்ளையடித்துப் பட்டை போட்டிருக்க வேண்டும், வாசலில் தோரணம் பச்சையாகத் தொங்க வேண்டும், ராத்திரி விளக்கு எரிய வேண்டும். இதில் எதையும் நான் தப்பென்று சொல்லவில்லை. பண்டிகைக்கு வீடு திரும்புகிறவர்கள் வேறு எதைக் கேட்பார்கள். ஆனால் அவர்கள் கேட்கிற ஒவ்வொன்றும், மார்கழியில் தோப்பு கேட்கிறதற்கு நேர் எதிராக வந்து நிற்கிறது, நடுவில் அகப்பட்டுக்கொள்வது என்னைப் போன்றவன்.

முதலில் தண்ணீர். மாமரத்துக்கு ஐப்பசி கார்த்திகை மழை போதும். மழை விட்டதும் ஒரு மேலுழவு ஓட்டிக் களையை மடக்கிவிட்டால், அப்புறம் பூ வந்து பிஞ்சு பிடிக்கிற வரைக்கும் தண்ணீர் காட்டக் கூடாது. வேலூரை வெயிலூர் என்று கிண்டல் செய்கிறவர்கள் மார்கழி விடியற்காலையில் இங்கே வந்து நின்றால் தெரியும், மேற்கே மலைப்பக்கமிருந்து இறங்குகிற குளிரில் மாட்டுக்காரர்கள் தலையில் துண்டு சுற்றாமல் வெளியே வருவதில்லை. அந்தக் குளிரும் வேரில் வறட்சியும் சேர்ந்தால்தான் மரம் இலை விடுகிற எண்ணத்தை விட்டுப் பூவுக்குத் திரும்பும். அந்தச் சமயத்தில் தண்ணீர் விட்டீர்கள் என்றால் மழைக்காலம் இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு தளிர் விட்டுவிடும். 2021 நவம்பரில் பாலாற்றில் அப்படி ஒரு வெள்ளம் வந்ததே, குடியாத்தத்தில் கௌண்டன்ய ஆற்றங்கரை வீடுகளுக்குள் எல்லாம் தண்ணீர் புகுந்ததே, அந்த வருஷம் எங்கள் பள்ளத்து மரங்களுக்குக் கால் காயவே தை பிறந்துவிட்டது. பூ பின்தங்கி வந்தது. அது கடவுள் விட்ட தண்ணீர், கேட்க முடியாது.

மனுஷன் விட்ட தண்ணீர்க் கதை ஒன்று உண்டு. ஏழெட்டு வருஷம் முன்னால் முதலாளி வீட்டுப் பேரப்பிள்ளை ஒருவர், காலேஜ் படிக்கிறவர், லீவுக்கு மார்கழி முதலிலேயே வந்துவிட்டார். லான் பழுத்துக் கிடப்பதைப் பார்த்து, “அங்கிள், இதுக்குத் தண்ணியே விடறதில்லையா?” என்றார். விட்டால் பக்கத்து வரிசைக்கு ஊறிவிடும் தம்பி, பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, நான் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போன நாலு நாளில் ஸ்பிரிங்ளரை ராத்திரி பகல் ஓடவிட்டிருக்கிறார். பொங்கலுக்கு லான் பச்சையாகத்தான் இருந்தது, படமெல்லாம் எடுத்தார்கள். தை கடைசியில் பார்த்தால் லானை ஒட்டிய இரண்டு வரிசை பங்கனபள்ளி மட்டும் செம்புத் தகடு மாதிரி பளபளவென்று தளிர் விட்டு நிற்கிறது, மூன்றாவது வரிசையிலிருந்து பூ. தூரத்திலிருந்து பார்த்தாலே கோடு கிழித்தது போலத் தெரிந்தது. சென்னையிலிருந்து போனில் “இந்த வருஷம் பங்கனபள்ளி ஏன் நாலு கூடைதான் அனுப்பினீங்க?” என்று கேட்டபோது நான் என்ன சொல்வேன். அந்தத் தம்பி இப்போது வெளிநாட்டில் இருக்கிறார், நல்ல பிள்ளை, இதைப் படித்தால் சிரிப்பார்.

இனி தோரண விஷயத்துக்கு வருகிறேன்.

மாவில் பூ வருவது கிளையின் நுனியில். போன ஆடி ஆவணியில் விட்டு முற்றிக் கரும்பச்சையான கிளை நுனியில் ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கும். கார்த்திகை வரைக்கும் அது ஊசி மாதிரி ஒல்லியாக, கூராக இருக்கும், தொட்டால் கெட்டி. மார்கழி பாதியில் அதே மொட்டு நெல்மணியை நிமிர்த்தி வைத்த மாதிரி பருக்கும், செதில் கொஞ்சம் விலகும், அடியில் வெளிர்பச்சை தெரியும். அப்புறம் பத்து பதினைந்து நாளில் அதிலிருந்து ஒரு முழப் பூங்கொத்து. ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும், கடைசியில் காயாகி நிற்பது ஒன்றோ இரண்டோ, பல கொத்தில் அதுவும் கிடையாது. அதனால் ஒரு நுனியை ஒடித்தால் ஒரு காய்தானே போகும் என்று நினைக்கலாம். சரிதான், ஆனால் ஒரு வாசலுக்கு எத்தனை நுனி? உங்கள் படத்தில் நான் எண்ணியவரைக்கும் 22. அது ஒரு நிலைக்கு. பங்களா, கொட்டகை, கேட், கிணற்று மேடை, ட்ராக்டர், கார் என்று கட்டத் தொடங்கினால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

நுனி ஒடித்தால் பக்கத்துக் கணுவிலிருந்து பூ வராதா என்று கேட்பார்கள். குளிர் நீடித்தால் சில சமயம் வரும், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பொங்கல் நெருக்கத்தில் ஒடித்தால் அது கிளம்புவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது, பெரும்பாலும் இலையாகத்தான் வருகிறது. அதை நம்பி யாரும் ஒடிக்க வேண்டாம்.

வீட்டுக்காரர்கள் ஒடிப்பதாவது கொஞ்சம். போகிக்கு முந்தின நாள் ராத்திரி லோடு ஆட்டோவில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். கோணியோடு வந்து சாலையோர வரிசையில் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு அரிவாளால் இழுத்துப் போட்டுக்கொண்டு போய், விடிந்தால் மார்க்கெட்டில் கட்டு கட்டாக அடுக்கிவிடுகிறார்கள். போன வருஷம் எங்கள் வேலியைத் தாண்டி ஆறு மரத்தில் கை வைத்துவிட்டார்கள். மாசியில் அந்த ஆறு மரத்தையும் பார்த்தால், உள்பக்கம் பூவாகக் கொட்டிக் கிடக்கிறது, சாலைப் பக்கம் பாதி மொட்டை, பாதித் தலை சிரைத்தது போல. பிடித்துச் சண்டை போடலாம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அப்புறம் யோசித்தால், அவர்களுக்கும் அந்த ஒரு நாள் வியாபாரம்தான். கேட்டு வாங்கினால் நானே கொடுப்பேன், எங்கே அறுக்க வேண்டும் என்று காட்டியும் கொடுப்பேன்.

எங்கே என்றால், மரத்துக்குள்ளே. ஒவ்வொரு பெரிய மரத்திலும் நடுவில் வெயில் படாத இடத்தில் செங்குத்தாக மேலே போகிற போத்துகள் இருக்கும். அதில் பூவும் வராது காயும் வராது, காற்றோட்டத்தைத்தான் கெடுக்கும், எப்படியும் நாங்கள் கழிக்க வேண்டியவை. அதன் இலை நீளமாக, அகலமாக, கரும்பச்சையாக இருக்கும், தோரணத்துக்கு அதைவிட நல்ல இலை கிடையாது. ஒரு மரத்தில் நாலு போத்து கழித்தால் ஒரு தெருவுக்கே தோரணம் கட்டலாம். இல்லையா, வேலியோர நாட்டு மா. அதன் காயை அணில்தான் சாப்பிடுகிறது, அணில் கோபித்துக்கொள்ளாது. இரண்டும் கைக்கு எட்டாத வீட்டில், வெளிக்கிளையிலேயே நுனியைத் தொடாமல் கீழ்வரிசை முற்றின இலையைக் காம்போடு ஒவ்வொன்றாகக் கிள்ளுங்கள், ஒரு கிளைக்கு இரண்டு இலைக்கு மேல் வேண்டாம். எங்கள் பெரியம்மா, முதலாளியின் தாயார், வயது 80-க்கு மேல், இப்படித்தான் செய்வார். திண்ணையில் உட்கார்ந்து இலையைக் காம்புப் பக்கம் மடித்து, தென்னை ஈர்க்கைச் சின்னதாக ஒடித்துக் குத்தி, வாழைநாரில் கோத்துக்கொண்டே போவார். 21 இலை, நடுவில் ஒரு சாமந்தி. கொத்தோடு தொங்கவிடுவதை அவர் தோரணம் என்றே ஒத்துக்கொள்வதில்லை, “இன்னாடா இது, ஆட்டுக்குத் தழை கட்டினாப்ல” என்பார்.

மாவைச் சொல்லிவிட்டுத் தென்னையை விட முடியாது. குருத்தோலைத் தோரணம் கேட்பார்கள், சரி என்று மரமேறுகிறவர் மேலே போய்க் குருத்தை இழுத்துவிடுவார். மரம் ஒன்றும் உடனே செத்துப் போவதில்லை. ஆனால் மார்கழிப் பனி சொட்டச் சொட்ட இறங்குகிற நேரத்தில் குருத்து அறுத்த வாயில் ஈரம் தங்கினால் அழுகல் பிடிக்கலாம், காண்டாமிருக வண்டுக்கும் அது திறந்த கதவு. எங்கள் தோப்பில் காய்ப்பு ஓய்ந்து வெட்டக் காத்திருக்கிற கிழட்டு மரம் இரண்டு இருக்கிறது, குருத்து அதிலிருந்துதான். அது இல்லாத வருஷம் பனையோலை. பனைமரத்துக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை.

டிசம்பரில் இன்னொரு கேள்வி வரும். எங்களிடம் வேலை செய்கிறவர்களில் மூன்று குடும்பம் கிறிஸ்தவர்கள். கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சவுக்கு வேண்டும் என்று வருஷா வருஷம் கேட்பார்கள், இந்தப் பக்கம் பல வீட்டில் சவுக்குக் கிளையை வாளி மணலில் நட்டுத்தான் நட்சத்திரமும் பஞ்சும் கட்டுகிறார்கள். கொடுக்காமல் என்ன. ஆனால் மேலே ஏறித் தலையை வெட்டினால் அந்த மரம் இரண்டு மூன்று கொம்பாகப் பிரிந்துவிடும், நேரான கழிக்கு ஆகாது. தலையைக் கேட்டால் தர மாட்டேன், கையைக் கேட்டால் தருவேன் என்பேன். பக்கக் கிளையில் அடர்த்தியாக ஒன்றை நானே பார்த்து அறுத்துக் கொடுப்பேன். சமையல்கார அம்மா 24-ம் தேதி சாயங்காலம் கேக்கும் முறுக்கும் கொண்டுவந்து கொடுத்துவிடுவார், கணக்கு நேர்.

அடுத்தது வெள்ளையடிப்பு. பொங்கலுக்கு மரத்துக்கு வெள்ளையும் காவியும் பட்டை போட்டால் பார்க்க லட்சணம்தான். ஆனால் மழை முடிந்த கையோடு மாமரத்தின் அடிக்குப் போர்டோ பசை என்கிற பூஞ்சை மருந்தைப் பூச வேண்டும், பட்டை வெடித்துப் பிசின் வடிகிற மரத்துக்குக் கட்டாயம். மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். மயில்துத்தத்தை இரும்பு வாளியில் கரைக்கக் கூடாது, பிளாஸ்டிக் டிரம்மோ மண்பானையோ. இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துச் சேர்த்த பிறகு, தீட்டின அரிவாளை அதில் கொஞ்ச நேரம் நனைத்து எடுத்துப் பாருங்கள். இரும்பில் செம்பு நிறம் ஏறினால் காரம் போதவில்லை, இன்னும் சுண்ணாம்பு. அரிவாள் அரிவாளாகவே வந்தால் பூசலாம். இது என் நைனா காட்டிக் கொடுத்தது, வேளாண் அதிகாரிகளும் இதையேதான் சொல்கிறார்கள். முதல் தடவை இதைப் பூசிய வருஷம், காரிலிருந்து இறங்கின மருமகளம்மா, “மரத்துக்கெல்லாம் ஏன் இப்படி ஊதா நிறத்துல பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டார். இப்போது ஒரு சமாதானம் செய்துகொண்டோம். கேட்டிலிருந்து பங்களா வரைக்கும் வழியில் இருக்கிற தென்னைக்கு வெள்ளையும் காவியும், தோப்புக்குள் மாவுக்கு நீலப் பசை. படம் எடுக்கிறவர்கள் வழியிலேயே எடுத்துக்கொள்ளட்டும்.

பூந்தோட்டத்தில் நடந்தது இதைவிட வேடிக்கை. ஆடியில் சாமந்திக் கன்று நட்டு, ஒரு மாதத்தில் நுனி கிள்ளிவிட்டு (சாமந்திக்கு நுனி கிள்ளினால் கிளை கட்டும், மாவுக்குக் கிள்ளினால் போச்சு, ஒரே தோட்டத்தில் இரண்டு நியாயம்), மார்கழியில் மஞ்சளாகத் திரண்டு நிற்கும். மாட்டுப் பொங்கலுக்கு மாலை, வாசலுக்குச் சரம் எல்லாம் அதிலிருந்துதான், ஒரு முழம்கூட வெளியே வாங்க மாட்டோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் திருட்டுக்குப் பயந்து புரட்டாசியில் பூந்தோட்ட மூலையில் பெரிய எல்இடி விளக்கு ஒன்று போட்டுக் கொடுத்தார்கள், விடிய விடிய எரியும். பொங்கல் வந்தது. விளக்குக்குக் கீழே இருந்த இரண்டு பாத்தியில் ஒரு மொட்டு இல்லை, செடி மட்டும் இடுப்பளவு, தூரப் பாத்தியில் பூ அள்ளலாம். எருவில் குறையா, மண்ணில் குறையா என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பூ நாற்றங்கால் வைத்திருக்கிற ஒரு பையன் வந்து மேலே விளக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். சாமந்திக்கு நீளமான இருட்டு வேண்டுமாம், ராத்திரியில் வெளிச்சம் விழுந்தால் பொழுது இன்னும் நீளமாக இருக்கிறது என்று பூவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்குமாம். பெரிய பூப்பண்ணைகளில் வேண்டுமென்றே விளக்குப் போட்டுப் பூவைத் தள்ளிப்போடுகிறார்கள் என்றும் சொன்னான். இப்போது அந்த விளக்குக்கு ஆள் வந்தால் மட்டும் எரிகிற சென்சார். பண்டிகைக்குச் சீரியல் செட் போடுகிறவர்கள் பூந்தோட்டத்தின் மேல் போடுவதானால் மொட்டு கட்டின பிறகு போடுங்கள், நாலு நாளைக்கு ஒன்றும் ஆகாது.

கோலத்துக்குப் பூசணிப் பூ கேட்டு விடியற்காலையில் ஊர்ப் பெண் பிள்ளைகள் வருவார்கள், எங்கள் பெரியம்மா உத்தரவு, இல்லை என்று சொல்லக் கூடாது. இதற்காகவே கிணற்றோரம் பூசணி போடுகிறோம். நீளக் காம்பில் ஒற்றையாக நிற்பது ஆண் பூ, அடியில் சுண்டைக்காய் மாதிரி பிஞ்சோடு இருப்பது பெண் பூ. ஆண் பூவைப் பறித்துக்கொள்ளுங்கள், ஆனால் கொடிக்கு இரண்டு விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் கூட்டுக்குக் காய் ஏது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் நன்றாகவே தெரிந்துகொண்டார்கள், சாணி உருண்டையில் செருகும்போது பெண் பூ ஒன்று வந்துவிட்டால் அவர்களுக்குள்ளேயே திட்டிக்கொள்கிறார்கள். மஞ்சளுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறோம். வைகாசியில் நட்டால் பொங்கலுக்குள் இலை பழுத்துவிடுகிறது, பானையில் கட்ட நன்றாக இல்லை, அதனால் பானைக்கென்று 20 கிழங்கு மட்டும் ஆனி கடைசியில் தென்னை நிழலில் தனியாக நடுகிறோம். அவரை, மொச்சை, இலவம்பாடி முள்ளுக் கத்தரி எல்லாம் அந்த நேரத்துக்குத் தானே காய்க்கும். அந்தக் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதற்கு முன்னாலேயே தெரியும், காம்பு முள் கையில் குத்தாமல் பறிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதுதான் கவலை.

சிறுபீளையைப் பற்றி ஒரு வார்த்தை. பொங்கப்பூ என்போம். மழைக்குப் பிறகு தரிசில் தானே முளைக்கும் களை. மேலுழவு ஓட்டும்போது டிரைவர் அதையும் சேர்த்து மடக்கிவிடுவார், அப்புறம் போகியன்று வேப்பிலை இருக்கும், ஆவாரம்பூ இருக்கும், இது மட்டும் இருக்காது. அதனால் வரப்போரம் இரண்டு முழம் உழாமல் விடச் சொல்கிறேன். பார்க்கிறவர்கள் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள், நினைத்துக்கொள்ளட்டும்.

ஆள் கிடைப்பதுதான் உண்மையான தலைவலி. மார்கழியில் நெல் அறுப்பு, வேர்க்கடலை விதைப்பு, நூறு நாள் வேலை, எல்லாம் ஒன்றாக வரும். இளவட்டங்கள் எருது விடும் விழாவுக்குக் காளையைப் பழக்கப் போய்விடுவார்கள். தெற்கே மாதிரி இங்கே திமிலைப் பிடிப்பது கிடையாது, தெரு நடுவில் காளையை ஓடவிட்டு எத்தனை நொடியில் கடந்தது என்று பார்ப்போம். அதனால் அந்தக் காளைக்கு நடக்கிற உபசாரம் இருக்கிறதே, பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் முட்டையும், அதில் கால் பங்கு எனக்கு நடந்தால் நான் இன்னும் பத்து வருஷம் தோப்பைப் பார்ப்பேன். ஆகவே உழவு, பசை, தென்னைக்கு வட்டப் பாத்தி, காய்ந்த மட்டை இறக்குவது எல்லாவற்றையும் மார்கழி முதல் வாரத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் 25-ம் தேதிக்கு மேல் யாரையும் கூப்பிட்டுப் பயனில்லை.

மருந்தடிப்பிலும் பண்டிகை குறுக்கே வரும். மூடுபனியும் மோடமும் சேர்ந்து நாலு நாள் நின்றால் பூங்கொத்தில் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கொத்து நீளும்போதே நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் அடித்துவிட்டால் சாம்பல் அடங்கும். பூ முழுதாக விரிந்த பிறகு பூச்சிமருந்து அடிக்கக் கூடாது, தேனீயும் ஈயும் வந்து போனால்தான் பிஞ்சு. குழந்தைகள் தோப்பில் ஓடி விளையாடுகிற நாலு நாளில் எதையும் அடிக்கவும் மாட்டேன். எனவே தேதி பார்த்து, பண்டிகைக்குப் பத்து நாள் முன்னாலோ, அவர்கள் கார் கேட்டைத் தாண்டின மறுநாளோ.

போகிக்கு இலைச் சருகைக் கொளுத்துவது எங்கள் தோப்பில் நின்றுபோய் ஆறு வருஷம். பிலிப்பைன்ஸ் நாட்டில் மாவுக்குப் புகை போட்டுப் பூக்க வைக்கிற வழக்கம் உண்டு என்று பேரப்பிள்ளை போனில் காட்டினார், எங்கள் ஊரிலும் பழைய ஆட்கள் புகை நல்லது என்பார்கள். இருக்கலாம். ஆனால் நம் ஆட்கள் சருகோடு டயரையும் பிளாஸ்டிக் சேரையும் சேர்த்துப் போடுகிறார்களே, அது எந்த மரத்துக்கு நல்லது? சருகை மரத்தைச் சுற்றி முக்கால் சாண் கனத்துக்குப் பரப்பிவிடுகிறோம், மழை விட்ட ஈரம் அடியில் அப்படியே நிற்கிறது. பங்களா வாசலில் மட்டும் பழைய பாய், கிழிந்த முறம், ஒரு கை சருகு. பிள்ளைகளுக்குக் கொட்டு அடிக்க அது போதும்.

ஆசிரியருக்கு நான் கேட்பது இரண்டுதான். பொங்கல் மலர் அச்சுக்குப் போகுமுன் தோரணப் படம் வைப்பதாக இருந்தால் இலை இலையாகக் கோத்த படமாகப் பார்த்துப் போடுங்கள். கூடவே, மரத்துக்குள் இருக்கிற போத்திலிருந்து இலை எடுங்கள், வெளி நுனியைத் தொடாதீர்கள் என்று இரண்டு வரி, பெரிய எழுத்தில். பண்ணை வீடு வாடகைக்கு விடுகிறவர்களும் அந்த இரண்டு வரியைக் கேட்டில் எழுதி வைத்தால் நல்லது. வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, மொட்டைப் பார்த்தால் மொட்டென்று தெரியாது, அவ்வளவுதான். இதற்குப் பயந்து பிளாஸ்டிக் மாவிலை வாங்கிக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், எங்கள் கேட்டிலேயே ஒரு வருஷம் கட்டினார்கள், ஆடு வந்து ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டது.

படத்துக்கு நல்ல இலை வேண்டுமென்றால் எழுதுங்கள். போத்து கழிக்கிற வேலை இந்த வாரம்தான், ஒரு கட்டு கட்டி ஈரச் சாக்கில் சுற்றி உங்கள் வேலூர் நிருபரிடம் கொடுத்துவிடுகிறேன். நாளை செவ்வாய்க்கிழமை, பொய்கைச் சந்தைக்குப் போய் மாட்டுக்கு மூக்கணாங்கயிறும் சலங்கையும் வாங்க வேண்டும், விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கணும், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தோப்பு மேற்பார்வையாளர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.